வீட்டு பேட்டரி விடியும்வரை தாங்கவில்லை: மாற்ற வேண்டியது பேட்டரியா, சார்ஜரா, வயரா?

மோட்டார்ஹோமில், அதாவது தங்கும் வசதியுள்ள வண்டியில், எஞ்சின் பேட்டரி தவிர விளக்கு, ஃப்ரிட்ஜ், பம்ப் போன்றவற்றை ஓட்ட இருக்கும் தனி பேட்டரிதான் வீட்டு பேட்டரி. ராத்திரி பத்து மணிக்கு விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது. இரண்டு மணிக்கு ஃப்ரிட்ஜ் நின்றுபோகிறது, இன்வெர்ட்டர் கீச்சிடத் தொடங்குகிறது. காலையில் குழாயைத் திறந்தால் பம்ப் முக்கி முனகிக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறது. உடனே எல்லோருக்கும் தோன்றுவது, பேட்டரி போய்விட்டது, புதிது வாங்கிப் போட்டுவிடலாம் என்பதுதான். வாங்கிப் போட்டதும் சில வாரங்களுக்குச் சரியாகத்தான் இருக்கும். சார்ஜ் ஏறும் வழியில் கோளாறு இருந்தால், அந்தப் புது பேட்டரியும் ஒரே வருடத்துக்குள் பழையதன் கதிக்கே வந்துவிடும்.

இரவைத் தாண்டாததற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். பேட்டரியின் கொள்ளளவு உண்மையிலேயே தேய்ந்திருக்கலாம். பேட்டரி நன்றாக இருந்தும் அது ஒருநாளும் முழுதாகச் சார்ஜ் ஆகாமல் இருக்கலாம். யாரும் கவனிக்காத ஏதோ ஒன்று இரவும் பகலும் கரண்டை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். அல்லது பேட்டரி தரக்கூடியதைவிட உங்கள் செலவு அதிகமாக இருக்கலாம். நான்கிலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே. ஆனால் செலவு செய்ய வேண்டிய இடம் ஒவ்வொன்றிலும் வேறு. அதனால் எந்த பேட்டரி நல்லது என்ற கேள்விக்கு முன்னால், ஒரு சாதாரண மல்டிமீட்டரோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

முதலில் அளவு

வெளி மின்சார பிளக்கைக் கழற்றுங்கள், சோலாரைத் துண்டியுங்கள், எஞ்சினை அணையுங்கள். உள்ளே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பேட்டரியை நான்கு மணி நேரமாவது சும்மா விடுங்கள். இரவு முழுவதும் விட்டால் இன்னும் நல்லது. சார்ஜ் நிறுத்திய உடனே அளந்தால் மேல்பூச்சாக ஒட்டியிருக்கும் வோல்டேஜ் ஏமாற்றிவிடும். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரிகூட அந்த நேரத்தில் 13 வோல்ட் காட்டும்.

தண்ணீர் ஊற்றும் ஈய பேட்டரி ஓய்வில் 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12.0-க்குக் கீழே வந்துவிட்டால் மிச்சம் கால்பங்குக்கும் குறைவு. ஏஜிஎம் என்ற, மூடி அடைத்த, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஈய பேட்டரியில் முழு சார்ஜ் கொஞ்சம் மேலே, 12.8-ஐ ஒட்டி நிற்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தக் கணக்கு உதவாது. 90 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்துக்கு இறங்கும்போது மொத்தமாக மாறுவதே சுமார் 0.3 வோல்ட்தான். அங்கே வோல்டேஜை வைத்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. நெகட்டிவ் வயரில் ஷன்ட் என்ற, கரண்டை அளக்க உதவும் சிறு தடையைப் பொருத்தி, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கணக்குப் பார்க்கும் மானிட்டர் வேண்டும்.

அடுத்தது, வெளி மின்சாரத்தைச் செருகி, சார்ஜர் ஓடும்போது பேட்டரியின் டெர்மினலிலேயே அளப்பது. டெர்மினலில் என்பது முக்கியம், சுவரில் இருக்கும் டிஸ்ப்ளேயில் பார்ப்பது போதாது. கொஞ்சம் காலியான ஈய பேட்டரி என்றால் அடுத்த சில மணி நேரத்தில் 14.4-ஐத் தொட வேண்டும், பிறகு முழுதானதும் 13.2-க்கும் 13.6-க்கும் நடுவில் இறங்கி நிற்க வேண்டும். செருகியும் 12.3-லேயே நின்றால் சார்ஜர் கரண்ட் பேட்டரிக்கு வரவே இல்லை. சார்ஜரின் வெளியீட்டில் 13.6 இருந்து பேட்டரியில் 12.3 இருந்தால், நடுவில் ஒரு ஃபியூஸ், ஒரு சுவிட்ச் அல்லது ஒரு முனை போயிருக்கிறது. பேட்டரியை எப்போதாவது பிளஸ் மைனஸ் மாற்றி ஒரு நொடி தொட்டிருந்தால், சார்ஜர் முகப்பில் இருக்கும் தலைகீழ் இணைப்புக்கான ஃபியூஸ்களை முதலில் பாருங்கள். வெளி மின்சாரத்தில் இருக்கும்போது விளக்கெல்லாம் எரிந்து, பிளக்கைப் பிடுங்கியதும் வண்டி முழுவதும் இருட்டாகிறதா? இந்த ஃபியூஸ்கள் போனதன் அச்சு அசலான அறிகுறி அது.

மூன்றாவது, சுமையோடு அளப்பது. முழு சார்ஜ் ஆன 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, கொள்ளளவின் அலகு) ஈய பேட்டரியில் 5 ஆம்பியர் இழுக்கும் ஏதாவது ஒன்றை, சுமார் 60 வாட்டுக்கு விளக்குகளையோ மின்விசிறிகளையோ, தொடர்ந்து ஓட விடுங்கள். பத்து மணி நேரம் போல 12.0-க்கு மேலே நின்றால் பேட்டரியில் குறை இல்லை. நான்கு மணி நேரத்திலேயே அதற்குக் கீழே விழுந்தால் கொள்ளளவில் பாதிக்கு மேல் போய்விட்டது. அந்த பேட்டரியின் மேல் வேறு எந்தச் செலவு செய்தாலும் வீண்.

பேட்டரியே போயிருந்தால் எப்படித் தெரியும்

12 வோல்ட் ஈய பேட்டரி என்பது ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். முழு இரவு சார்ஜ் போட்டும் ஓய்வில் 10.5-ஐத் தாண்டவில்லை என்றால் ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது. அதற்கு வைத்தியம் கிடையாது. தண்ணீர் ஊற்றும் வகையில் இதை, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் துல்லியமாகக் காட்டும். நல்ல செல்லில் முழு சார்ஜில் அடர்த்தி 1.265-ஐ ஒட்டி இருக்கும். ஐந்து செல்கள் 1.260 காட்டி, ஒன்று மட்டும் 1.200 காட்டினால் குற்றவாளி அந்த ஒன்றுதான். செல்களுக்கிடையே 0.050 வித்தியாசம் வந்துவிட்டாலே பேட்டரியை மாற்றும் முடிவுக்கு வந்துவிடலாம். அதற்குக் குறைவான வித்தியாசமாக இருந்து, எல்லா செல்லும் கொஞ்சம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால், அது தட்டுகளில் படிந்த சல்பேட். சார்ஜரில் ஈக்வலைசேஷன் (வேண்டுமென்றே வோல்டேஜைக் கூட்டி செல்களைச் சமப்படுத்தும்) வசதி இருந்தால், பேட்டரி நிறுவனம் சொன்ன வோல்டேஜில் சில மணி நேரம் கொடுத்துப் பார்க்கலாம். தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு மட்டுமே இது. அதுவும் காற்றோட்டம் உள்ள இடத்தில், மற்ற மின்சாதனங்களைத் துண்டித்துவிட்டு. ஏஜிஎம்முக்கும், மூடிய இன்னொரு வகையான ஜெல் பேட்டரிக்கும் இதைச் செய்தால் உள்ளிருக்கும் ஈரம் வால்வு வழியாக வெளியேறி பேட்டரி வறண்டுபோகும். திரும்ப ஊற்ற வழியில்லை.

சார்ஜ் ஆகும்போது பேட்டரிப் பெட்டியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்து, ஒரு பேட்டரி மட்டும் தொட்டால் சுடும் அளவுக்கு இருந்தால், வேறு எதையும் ஆராயாமல் சார்ஜரை நிறுத்துங்கள். கதவைத் திறந்துவிட்டு, பேட்டரி ஆறும்வரை ஸ்பானரோடு பக்கத்தில் போகாதீர்கள். ஹைட்ரஜன் நிறைந்த பெட்டிக்குள் ஒரு தீப்பொறி போதும்.

இரண்டு பேட்டரிகளை இணையாகப் போட்டிருப்பவர்கள் அவற்றைப் பிரித்து, தனித்தனியாக ஓய்வு வோல்டேஜ் பார்க்க வேண்டும். சேர்ந்திருக்கும்போது நல்லது கெட்டதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இரண்டும் சேர்ந்து இறங்கும். அதில் ஒன்றை மட்டும் மாற்றிப் புதிதாகப் போடுவது கைக்குச் சிக்கனம்போல் தெரியும். பழையது புதியதைத் தன் வயதுக்கு இழுத்துவிடும். மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள், ஒரே வகை, ஒரே அளவு, ஒரே சமயத்தில். இணைக்கும்போது பிளஸை முதல் பேட்டரியிலிருந்தும் மைனஸை இரண்டாவதிலிருந்தும் குறுக்காக எடுங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அந்த ஒன்றே அதிகம் உழைத்துச் சீக்கிரம் தேயும்.

சார்ஜ் ஏறும் வழியைச் சரிசெய்வது: அதிகம் புறக்கணிக்கப்படும் தேர்வு

பேட்டரி சோதனையில் தேறிவிட்டால், அல்லது வாங்கி ஒரு வருடத்துக்குள்ளேயே தேறாமல் போனால், சந்தேகம் சார்ஜ் வழியின் மேல்தான் போக வேண்டும். பழைய வண்டிகளில் இருக்கும் ஒற்றை நிலை சார்ஜர்கள் 13.6 வோல்ட்டை மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்கும். அது இரண்டு விதத்தில் கெடுதல். காலியான பேட்டரிக்கு 13.6 போதாது, கடைசி இருபது சதவீதம் ஏறாமல் தட்டுகளில் சல்பேட் படிந்துகொண்டே போகும். மாதக்கணக்கில் செருகியே வைத்திருந்தால் அதே 13.6 அதிகமாகி, தண்ணீரை மெதுவாகக் கொதித்து வற்றச் செய்யும். இப்படிப்பட்ட வண்டியில் பேட்டரியின் நிலைக்கேற்ப வோல்டேஜை மாற்றும் மூன்று நிலை சார்ஜர் ஒன்றைப் போடுவது, பேட்டரியை மாற்றுவதைவிட நீண்ட நாள் பலன் தரும். அளவைப் பொறுத்தவரை, தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு மொத்த ஏஎச்சில் பத்திலிருந்து இருபது சதவீத ஆம்பியர் போதும். 200 ஏஎச் என்றால் 20 முதல் 40 ஆம்பியர். வெயிலில் வைக்கும் பெட்டி என்றால் வெப்பநிலை உணரி உள்ள சார்ஜரைப் பாருங்கள். பேட்டரி 40 டிகிரியில் இருக்கும்போது, 25 டிகிரிக்கான வோல்டேஜிலிருந்து ஏறக்குறைய 0.4 வோல்ட் குறைத்துக் கொடுக்க வேண்டும். ஈய பேட்டரியின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் சூட்டுக்கும் ஏறத்தாழ பாதியாகும் என்பது பழகிய கணக்கு.

வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) வரும் சார்ஜ் தனிக் கதை. எஞ்சின் பேட்டரிக்கும் வீட்டு பேட்டரிக்கும் நடுவில் பழைய வண்டிகளில் ரிலே (எஞ்சின் ஓடும்போது இரண்டையும் இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) இருக்கும், சிலவற்றில் கரண்டை ஒரே திசையில் விடும் டயோடு பிரிப்பான் இருக்கும். டயோடு தன் பங்குக்கு 0.6 வோல்ட்டுக்கு மேல் விழுங்கும், ஆல்டர்னேட்டர் 14.4 கொடுத்தாலும் வீட்டு பேட்டரிக்கு 13.7 போல்தான் வரும். ரிலேயைச் சோதிப்பது எளிது. எஞ்சின் ஓடும்போது வீட்டு பேட்டரியில் 13.5-க்கு மேல் வராவிட்டால் ரிலே ஒட்டவில்லை, அல்லது நடு ஃபியூஸ் போயிருக்கிறது. எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்தும் இரண்டு பேட்டரிகளும் இரண்டாம் தசமம்வரை ஒரே எண்ணைக் காட்டினால் ரிலே ஒட்டிக்கொண்டு விடவில்லை. ராத்திரி விளக்கு எரித்தால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

இங்கே ரிலேயை மாற்றுவதா, ஆல்டர்னேட்டர் தருவதை பேட்டரிக்கு ஏற்ற வோல்டேஜாக மாற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் போடுவதா என்ற கேள்வி வரும். ஈய பேட்டரி, பழைய வகை ஆல்டர்னேட்டர், இரண்டு பேட்டரிக்கும் நடுவில் குறைந்த தூரம் என்றால் ரிலேயே போதும். எளிமையானது, கெட்டால் எளிதில் மாற்றலாம். புது எஞ்சின்களில் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர் வோல்டேஜை 13-க்கும் கீழே இறக்கிவிடும் ஏற்பாடு உண்டு. அத்தகைய வண்டியில் ரிலே வீண். வோல்டேஜ் இறங்கியதும் அது விட்டுவிடும், விடாவிட்டாலும் ஏற ஒன்றும் இருக்காது. லித்தியம் போடுவதாக இருந்தாலும் டிசி-டிசிதான். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு, ஆல்டர்னேட்டர் எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவையும் இழுக்கும். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுழலும். அந்தச் சூட்டில் சுருள் கருகிப்போகும். 30 ஆம்பியர் டிசி-டிசி ஒன்று அந்த இழுவையைக் கட்டுப்படுத்தி, நான்கு மணி நேர ஓட்டத்தில் 120 ஏஎச் வரை கொடுத்துவிடும்.

வயரைப் பார்க்காமல் இதில் எதையும் வாங்காதீர்கள். எஞ்சின் முன்னால், வீட்டு பேட்டரி பின்னால், போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர். 6 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் 30 ஆம்பியர் போனால் அந்தப் பத்து மீட்டரில் 0.86 வோல்ட் கரைந்துவிடும். 14.4 கிளம்பி 13.5-ஆக வந்து சேரும். அதே வழியில் 16 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.32 வோல்ட், 25 போட்டால் 0.21. சார்ஜரே மாற்றாமல், இந்த வயர் ஒன்றை மாற்றியதில் சரியாகிவிடும் வண்டிகள் நிறைய.

வயரைவிடப் பெரிய திருடன் எர்த் முனை. வீட்டு பேட்டரியின் மைனஸ் வயர் சேஸியில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வண்டிக்கு அடியில், சக்கரம் வாரியடிக்கும் சேற்றின் பாதையில் இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் போல்ட் இறுக்கமாக, வளையம் முழுதாக இருக்கும். கழற்றிப் பார்த்தால் வளையத்துக்கும் சேஸிக்கும் நடுவே பெயின்ட் ஒரு பாதி, துரு ஒரு பாதி, வயர் உள்ளே போகும் இடத்தில் பச்சைப் பொடி. உலோகம் உலோகத்தைத் தொடும் இடம் சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை சேஸியின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, 20 ஆம்பியர் போல் சுமை போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5 காட்டினால் அந்த ஒரு முனையில் மட்டும் 10 வாட் சூடாகிக்கொண்டிருக்கிறது. மைனஸை முதலில் கழற்றிவிட்டு, சேஸியைப் பளபளக்கும்வரை தேய்த்து, வளையத்தைப் புதிதாக நசுக்கிப் போட்டு, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். இறுக்குவதற்கு முன் நடுவில் தடவ வேண்டாம்.

கவனிக்காத ஒழுக்கு

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் வண்டியில் சில சாதனங்கள் விழித்தே இருக்கும். கேஸ் கசிவு எச்சரிக்கை, ரேடியோவின் நினைவு, ஃப்ரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை, சும்மா நிற்கும் இன்வெர்ட்டர். 0.1 ஆம்பியர் என்றால் நாளுக்கு 2.4 ஏஎச், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 0.5 ஆம்பியர் என்றால் நாளுக்கு 12 ஏஎச்; நிறுத்திவைத்த வண்டியின் 100 ஏஎச் பேட்டரி நான்கு நாளில் பாதி காலி. பெரிய இன்வெர்ட்டர் ஒன்று சுமையே இல்லாமல் 20 வாட் தின்னும், அது மட்டுமே நாளுக்கு 40 ஏஎச். வயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் டிசி க்ளாம்ப் மீட்டரை மைனஸ் வயரில் மாட்டி, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த வரிசையில்தான் ஒழுக்கு. மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்து அளப்பவர்கள் 10 ஆம்பியர் துளையில் செருகி, அளக்கும்போது பம்பையோ விளக்கையோ தொடாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீட்டரின் ஃபியூஸ் போகும். இந்தத் தேர்வுக்குச் செலவே இல்லை. இன்வெர்ட்டரைத் தேவைப்படும்போது மட்டும் போடுவதும், நிறுத்தும்போது துண்டிப்பு சுவிட்சைத் திருப்புவதுமே முழு வைத்தியமாக முடிவதுண்டு. சுவிட்சைத் திருப்பியும் பேட்டரி இறங்கினால், அதைச் சுற்றிக்கொண்டு நேராக டெர்மினலில் மாட்டியிருக்கும் மெல்லிய வயர்களைத் தேடுங்கள்.

எந்த பேட்டரி

இவ்வளவும் பார்த்த பிறகும் பேட்டரிதான் மாற்ற வேண்டும் என்றால், இப்போது ஒப்பிடலாம்.

தண்ணீர் ஊற்றும் டீப் சைக்கிள் (ஆழமாகக் காலியாகி ஏறுவதைத் தாங்கும்) பேட்டரி விலையில் குறைந்தது, தவறான சார்ஜரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், செல் செல்லாகச் சோதித்துப் பார்க்க முடியும். மாதம் ஒருமுறை மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் கை இருந்தால் மட்டும் இதை வாங்குங்கள். தட்டு வெளியே தெரியும்வரை விட்டுவிட்டால் அந்தப் பகுதி திரும்ப உயிர்பெறாது. வெளிக்காற்று போகும் பெட்டியும் வேண்டும். கோல்ஃப் வண்டிகளுக்கான 6 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடரில் போடுவது, அதே இடத்தில் இரண்டு 12 வோல்ட் போடுவதைவிட உழைக்கும். அவற்றின் தட்டுகள் தடிமன். எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை வீட்டுக்குப் போடுவது மட்டும் கூடவே கூடாது. மெல்லிய தட்டுகள், சில டஜன் முறை ஆழமாகக் காலியானால் முடிந்தது.

ஏஜிஎம் பராமரிப்பு கேட்காது, கட்டிலுக்கு அடியில் வைக்கலாம், சும்மா இருக்கும்போது மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் பாதி சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடப்பதை இது கொஞ்சமும் பொறுக்காது. சோலார் மட்டும் நம்பி, வாரக்கணக்கில் 70 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் ஓட்டும் வண்டிக்கு ஏஜிஎம் பொருந்தாத தேர்வு. தினமும் மின்சாரம் உள்ள முகாமில் நிறுத்துபவருக்கு மிகப் பொருத்தம்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டைப் பற்றிச் சொல்லப்படுவதில் பெரும்பாலானவை உண்மை. 100 ஏஎச் ஈய பேட்டரியில் ஆயுள் கெடாமல் பயன்படுத்தக்கூடியது 50. லித்தியத்தில் 80 முதல் 90. ஒரு 100 ஏஎச் லித்தியம் 12 கிலோ போல இருக்கும். அதே பயன் தர இரண்டு ஏஜிஎம் வேண்டும், இரண்டும் சேர்ந்து 60 கிலோவை ஒட்டி வரும். ஆயிரக்கணக்கான சுழற்சிகள் தாங்கும். ஈயத்தைப் பாதிவரை இறக்கி ஏற்றினால் கிடைப்பது சில நூறு. பாதி சார்ஜில் கிடப்பதால் இதற்குக் கெடுதல் இல்லை, நல்லதுதான். எல்லாவற்றையும்விட நடைமுறையில் பெரிய வித்தியாசம், சார்ஜ் ஏறும் வேகம். ஈய பேட்டரியின் கடைசி இருபது சதவீதத்துக்கு நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும், சார்ஜர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். லித்தியம் கிட்டத்தட்ட கடைசிவரை முழுக் கரண்டையும் வாங்கிக்கொள்ளும். ஜெனரேட்டர் ஓட்டிச் சார்ஜ் செய்பவருக்கு இந்த ஒன்றே முடிவைத் தீர்மானிக்கப் போதுமானது.

குறைகளையும் கணக்கில் வையுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். நல்ல பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) அந்தக் குளிரில் சார்ஜைத் தானே நிறுத்திவிடும். பனிக்காலப் பயணம் உண்டென்றால் சூடேற்றும் தகடு உள்ளதை வாங்குங்கள், அல்லது வண்டிக்குள் வையுங்கள். ஈயத்துக்கும் குளிரில் ஆபத்து உண்டு, வேறு மாதிரி: முழு சார்ஜில் உறையாது, காலியாகக் கிடந்தால் −10 டிகிரிக்கு முன்பே உறைந்து உடல் வெடிக்கும்.

லித்தியம் போட்டபின் வரும் புகார்களில் முதலாவது, பேட்டரி செத்துவிட்டது, மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது என்பது. செத்திருக்காது. பிஎம்எஸ் காவலுக்காக வெளியீட்டை மூடியிருக்கும். சுமையை எல்லாம் துண்டித்துவிட்டு, லித்தியத்தை எழுப்பும் வசதியுள்ள சார்ஜரை இணைத்தால் பெரும்பாலும் திறந்துவிடும். இரண்டாவது, ஒருபோதும் நூறு சதவீதம் ஏறவில்லை என்பது. பழைய 13.6 வோல்ட் சார்ஜரை அப்படியே விட்டிருப்பார்கள். அதில் மெதுவாக ஏறும், ஆனால் செல்களைச் சமன்செய்யும் கட்டத்தைப் பொதுவாக எட்டாது. 14.2 முதல் 14.6 வரை கொடுக்கும் அமைப்பு வேண்டும், ஈக்வலைசேஷனும் வெப்பநிலை ஈடும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே லித்தியத்தின் விலை என்பது பேட்டரியின் விலை மட்டும் இல்லை. சார்ஜர், டிசி-டிசி, சோலார் கன்ட்ரோலரின் அமைப்பு, ஷன்ட் மானிட்டர், ஷார்ட் ஆனால் பாயும் பெரும் கரண்டை அறுக்கக்கூடிய கிளாஸ்-டி ஃபியூஸ், இவை எல்லாம் சேர்ந்ததே அதன் விலை. பேட்டரிக்கு மட்டும் பணம் இருக்கிறது என்றால் இப்போதைக்கு நல்ல ஈய பேட்டரி போட்டு, சார்ஜரைச் சரிசெய்வதே மேல்.

இன்வெர்ட்டர் அழும்போது

மைக்ரோவேவ் போட்டால் மட்டும் இன்வெர்ட்டர் நிற்கிறது என்றால், இன்வெர்ட்டரை மாற்றக் கிளம்பாதீர்கள். 700 வாட் என்று எழுதியிருப்பது சாப்பாட்டுக்குள் போகும் சக்தி. உள்ளே இழுப்பது 1100 வாட் போல இருக்கும். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியருக்கு மேல். 100 ஏஎச் ஈய பேட்டரி பாதி சார்ஜில் இருக்கும்போது இந்த இழுவையில் 11 வோல்ட்டுக்குக் கீழே சரிந்துவிடும், இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். அதே இடத்தில் 100 ஆம்பியர் பிஎம்எஸ் உள்ள ஒரே ஒரு லித்தியம் போட்டாலும் நிற்கும், இந்த முறை பிஎம்எஸ் அறுக்கும். தேவை 200 ஏஎச், அது ஈயமோ லித்தியமோ. வயரும் அதற்கேற்ப: 1500 வாட் இன்வெர்ட்டருக்கு 50 ஸ்கொயர் எம்எம், நீளம் ஒன்றரை மீட்டருக்குள், பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 200 ஆம்பியர் ஃபியூஸ். சுமை ஓடும்போது பேட்டரி டெர்மினலிலும் இன்வெர்ட்டர் டெர்மினலிலும் தனித்தனியாக அளந்து, 0.3-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் வயரையும் முனைகளையும் பாருங்கள். இன்வெர்ட்டரின் மறுபக்கம், மைக்ரோவேவ் செருகும் உயர் வோல்டேஜ் பக்கம், உயிருக்கு ஆபத்தானது. அங்கே தெரிந்த எலக்ட்ரீஷியனை விடுங்கள்.

சோலார் எப்போது பதில்

செலவு வரவைவிட அதிகம் என்று மானிட்டர் காட்டும்போதுதான். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் நாளுக்கு 30 முதல் 50 ஏஎச் எடுக்கும். கூரையில் படுத்திருக்கும் 100 வாட் பேனல் நல்ல வெயிலில் 25 முதல் 30 ஏஎச் கொடுக்கும். ஆக ஃப்ரிட்ஜுக்கும் விளக்குக்கும் பம்புக்கும் 200 வாட்டில் தொடங்குவது நியாயம். கேஸிலும் ஓடக்கூடிய உறிஞ்சல் வகை ஃப்ரிட்ஜை நிறுத்தத்தில் 12 வோல்ட்டில் ஓட்டினால் 10 முதல் 15 ஆம்பியர் விடாமல் போகும். அதற்கு சோலார் சேர்ப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கேஸுக்கு மாற்றுங்கள், அல்லது ஃப்ரிட்ஜையே மாற்றுங்கள். கன்ட்ரோலரில் பிடபிள்யூஎம்மா (பேனலை பேட்டரியோடு நேராக இணைக்கும் எளிய வகை) எம்பிபிடியா (பேனலின் மிகுதி வோல்டேஜைக் கரண்டாக மாற்றும் வகை) என்றால், பேட்டரிக்கு நேராகப் பொருந்தும் ஒரே ஒரு சிறு பேனலுக்கு முதலாவது போதும். பேனலின் வோல்டேஜ் அதிகம் என்றாலோ, குளிர்ப் பகுதி என்றாலோ, எம்பிபிடி தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். கூரையில் ஏசிப் பெட்டியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் அந்தப் பேனலின் வெளியீடு பெருமளவு படுத்துவிடும் என்பதைப் பொருத்தும் முன் யோசியுங்கள்.

யாருக்கு எது

வருடத்தில் சில வாரம் மட்டும், அதுவும் மின்சாரம் உள்ள முகாம்களில் நிறுத்துபவருக்கு: ஒழுக்கைக் கண்டுபிடித்து நிறுத்துவது, மூன்று நிலை சார்ஜர், பேட்டரி தேறாவிட்டால் ஏஜிஎம். லித்தியத்துக்குப் போட்ட பணம் இவருக்குத் திரும்ப வராது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும்போது ஈயத்தை முழு சார்ஜில் வைத்துத் துண்டிக்க வேண்டும். லித்தியம் என்றால் நேர்மாறு, பாதி சார்ஜில்.

இரண்டு மூன்று நாள் மின்சாரமே இல்லாத இடத்தில் தங்கி, பிறகு நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு முதல் செலவு டிசி-டிசியும் தடித்த வயரும். பேட்டரியை அப்புறம் யோசிக்கலாம்; பல வண்டிகளில் இருக்கும் பேட்டரியே போதும் என்று தெரியவரும்.

ஓரிடத்தில் வாரக்கணக்கில் சோலாரையும் ஜெனரேட்டரையும் நம்பி வாழ்பவருக்கு லித்தியம், தயங்காமல். 200 ஏஎச் லித்தியம், 300 முதல் 400 வாட் பேனல், எம்பிபிடி, ஷன்ட் மானிட்டர். பணத்தைப் பகுதி பகுதியாகத்தான் போட முடியும் என்றால் மானிட்டரையும் வயரையும் முதலில் போடுங்கள், பேட்டரி கடைசியில் வரட்டும்.

எதை மாற்றினாலும் மாற்றிய அன்றைக்கே மூன்று எண்களைப் பேட்டரிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்: முழு சார்ஜுக்குப் பிறகு ஓய்வு வோல்டேஜ், சார்ஜர் ஓடும்போது டெர்மினல் வோல்டேஜ், எல்லாம் அணைத்தபின் ஒழுகும் ஆம்பியர். தேதியையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே மூன்றையும் அளக்கும்போது, எந்த எண் நகர்ந்திருக்கிறதோ அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.